பதினைந்தரை பாகை

ஜெபக்குமாருக்கு இருபத்தேழு வயது. பி.எஸ்சி. இயற்பியலில் தேற வேண்டியதையெல்லாம் தேறிவிட்டான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றும் பெரிய தாள் கிடையாது. ஒரு கட்டை.

உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் கொக்கி, என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால், ராஜபாளையத்தில் அவன் படித்த கல்லூரியின் செய்முறைத் தேர்வில் அந்தக் கட்டை அவனுக்கு வந்தது. அதை ஒரு நீளப் பலகைமேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல மெல்லத் தூக்கி, எந்தக் கோணத்தில் கட்டை வழுக்கத் தொடங்குகிறது என்று ஐந்து முறை பார்த்து எழுத வேண்டும். அதை வைத்துக் கட்டைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள உராய்வைக் கணக்கிட வேண்டும். ஜெபக்குமார் ஐந்து முறையும் எழுதினான். சராசரி எடுத்தான். விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தான். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் அட்டவணையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி அட்டவணையைப் பார்த்தார்.

"கட்டை எங்கப்பா?"

கட்டை இல்லை. காலையிலிருந்தே இல்லை. ஸ்டாஃப் ரூம் கதவு காற்றில் அடிக்காமல் இருப்பதற்காக யாரோ அதை எடுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்திருந்தார்கள்.

"இப்பத்தான் சார் இங்கன இருந்துச்சு" என்று ஜெபக்குமார் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினான். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் நன்றாகவே தேடினான்.

பொருளே இல்லாமல் பொருளின் இயக்கத்தை அளந்தவன் என்று கல்லூரியில் பெயர் வாங்கியதோடு சரி. மார்க் வாங்கவில்லை. ஓய்வில் இருக்கும் பொருள், வெளியிலிருந்து ஒரு விசை தள்ளாதவரை ஓய்விலேயே இருக்கும் என்பது அவனுக்கு நன்றாகப் புரிந்த விதி. அதன்படியே நடந்துகொண்டான். முதல் வருஷம் மில்லில் ஷிப்ட். அடுத்து கொரோனா. அதற்கடுத்த வருஷம் சித்தி மகள் கல்யாணம். அதற்குப் பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

தள்ளிய விசை மில்லிலிருந்து வந்தது. ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில் ஒன்றின் டெஸ்டிங் லேப்பில் ஆறு வருஷமாக அவன் நூலை இழுத்துப் பார்க்கிற வேலையில் இருந்தான். லேப் இன்சார்ஜ் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடம் உனக்குத்தான், ஆனால் ஜூன் முப்பதுக்குள் டிகிரி சர்ட்டிபிகேட் மேஜைக்கு வரவேண்டும், வராவிட்டால் வெளியாளை எடுத்துவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகமும் பழைய அரியர்காரர்களுக்குக் கடைசியாக ஒரு சிறப்பு வாய்ப்பு அறிவித்திருந்தது. இதிலும் தவறினால் மூன்று வருஷப் படிப்பு படிக்காததாக ஆகிவிடும்.

ஆக, ஏப்ரல் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினான் ஜெபக்குமார். உட்கார இடமில்லை. கண்டக்டர் வழக்கம்போல எல்லாரையும் உள்ளே போகச் சொன்னார். பின்பக்கம் எங்கேயோ ஒரு மைதானம் இருப்பதாக அவருக்கு நம்பிக்கை. மடவார்வளாகம் தாண்டும்போது போன் அடித்தது. ஷெரின். மூன்று வருஷம் அவனுடைய லேப் பார்ட்னர். சுந்தரபாண்டியத்துக்காரி, இப்போது கோயம்புத்தூரில் புருஷன், பிள்ளை, வேலை என்று இருக்கிறாள்.

"ஏலே, ஏறிட்டியா?"

"ஏறிட்டேன். நிக்கேன்."

"ஹால் டிக்கெட்?"

"இருக்கு."

"கால்குலேட்டர்?"

"இருக்கு."

"கட்டை?"

"போனை வைட்டி."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். "சரி சரி, கோவப்படாத. அக்கா டேபிள் ஞாபகம் இருக்கா?"

"அது எப்படி மறக்கும்? பதினஞ்சரை, பதினாறு..."

"பதினஞ்சரை, பதினஞ்சரை, பதினஞ்சரை" என்று அவளும் சேர்ந்துகொண்டாள். சண்டே கிளாஸில் சின்னப் பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற மெட்டு. இரண்டாம் வருஷம் இதே பஸ்ஸில் இதே இடத்தில் நின்று இருவரும் உண்டாக்கியது. டிரைவர் பிரேக் போட்டதும் நின்றவர்கள் எல்லாரும் முன்னால் சாய்வார்கள். "நாம சாயலலே, பஸ்ஸுதான் நின்னுருச்சு. நாம போய்க்கிட்டுத்தான் இருக்கோம்" என்பாள் ஷெரின். அந்த வாக்கியம் அப்போது அவனுக்கு இயற்பியலாகக் கேட்டது. இப்போது அதே இடத்தில் பிரேக் போட்டபோது வேறு மாதிரி கேட்டது.

"ஆரும்மா அது?" என்று அந்தப் பக்கம் ஒரு சின்னக்குரல் கேட்டது.

"ஒரு மாமா. பரிச்சைக்குப் போறாரு" என்றாள் ஷெரின். "வைக்கேன்லே. பாஸ் பண்ணிட்டுச் சொல்லு."

அக்கா டேபிளைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தக் கல்லூரியைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. கல்லூரிக்கு எதிர்த்தாற்போல் உள்ள ஜெராக்ஸ் கடையில் போய், "பிசிக்ஸ் மேஜர் செட் ஒண்ணு" என்றால் ஒரு கட்டுத் தாள் கொடுப்பார்கள். எந்தக் காலத்திலோ ஒரு மாணவி எழுதிய ரெக்கார்டு நோட்டின் நகலுடைய நகலுடைய நகல். முதல் பக்கம் கிழிந்துபோனதால் பெயர் தெரியாது. அதனால் பொதுவாக அக்கா. பதினெட்டுச் சோதனைகளுக்கும் அக்காவின் அளவுகள் அதில் இருந்தன. மாணவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். அவர்கள் எழுதியது அக்கா எழுதியதோடு பொருந்தியதால் ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கட்டையை வழுக்கவிடும் சாய்தளச் சோதனையில் இரண்டாவது அளவை அக்கா முதலில் பதினைந்தரை என்று எழுதி, அடித்து, பதினாறு என்று திருத்தியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த எல்லாரும் அதே இடத்தில் பதினைந்தரை என்று எழுதி, அடித்து, பதினாறு என்று திருத்தினார்கள்.

ஜெபக்குமாருக்கு அந்தக் கையெழுத்துமேல் ஒரு பிரியம் உண்டு. ஐந்துக்கு வால் நீளமாகப் போகும். யாராக இருக்கும், எங்கே இருப்பாள் என்று மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவனும் ஷெரினும் கதை கட்டுவார்கள். ஒருநாள் விஞ்ஞானி, ஒருநாள் கூமாப்பட்டியில் மூன்று பிள்ளை பெற்றவள். எப்படியானாலும் அக்கா நல்லவள். நம்பி எழுதலாம்.

லேப் வாசலில் இந்த வருஷத்து மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். முழுக்கைச் சட்டையும் மில் ஷூவுமாக ஜெபக்குமார் வந்து நின்றதும், முன்னால் நின்ற ஒரு பெண், "குட் மார்னிங் சார்" என்றாள். பின்னால் எல்லாரும் சொன்னார்கள்.

"குட் மார்னிங். எல்லாரும் ஹால் டிக்கெட்ட எடுத்து வச்சுக்கோங்க" என்றான் ஜெபக்குமார்.

எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்து லேப் உதவியாளர் சோணைமுத்து எட்டிப் பார்த்தார். "ஏலே ஜெபக்குமாரு! நீ எங்கன நிக்க? போய் வரிசையில கடைசியா நில்லு."

வரிசை திரும்பிப் பார்த்தது. வணக்கம் சொன்ன பெண் ஹால் டிக்கெட்டைப் பைக்குள் திணித்தாள். அவள் பெயர் பர்வீன் என்பது பிறகு தெரிந்தது. அவள் மன்னித்ததும் பிறகுதான்.

"சும்மா இருக்கியளா அண்ணாச்சி? கட்டை இருக்கா?"

"ம்க்கும். நீ போனதுல இருந்து அத பீரோவுல வச்சுப் பூட்டுதோம்."

உள்ளே அதே வாசனை. ஸ்பிரிட், பழைய தேக்கு, மின்விசிறி கிளப்பிவிடுகிற சாக்பீஸ் தூள். அவனும் ஷெரினும் உட்காரும் மூலை மேஜையில் இப்போது வேறு பெயர்கள் கீறப்பட்டிருந்தன. துறைத் தலைவி பரிபூரணம் மிஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்கள். மூன்று தடவை போன் போட்டு, மூன்றாவது தடவை, "இந்த வருஷமும் வராட்டி ஜெபக்குமார்னு ஒருத்தன எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்று சொல்லி வரவைத்தவர்கள்.

"வந்துட்டியா? உக்காரு. எக்ஸ்டர்னல் கொஞ்சம் கறாரான ஆளு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

எக்ஸ்டர்னல் ஹரிகிருஷ்ணன் என்பவர், பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் பேராசிரியர், ஜன்னலோரம் நின்று போனில் யாரிடமோ "ஒஸ்தா, ஒஸ்தா" என்று, இதோ வந்துவிடுகிறேன் என்று தெலுங்கில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கறாருக்கான அடையாளம் அதில் தெரியவில்லை. எவர்சில்வர் டம்ளரில் சுருட்டிப் போட்டிருந்த சீட்டுகளில் ஒன்றை ஜெபக்குமார் எடுத்தான். நாலாம் நம்பர்.

சாய்தளம்.

சோணைமுத்து பீரோவைத் திறந்து கட்டையை இரண்டு கையாலும் எடுத்து வந்து, நகைக்கடையில் வைப்பதுபோல் அவன் முன்னால் வைத்தார். "இந்தா. கண்ணால பாத்துக்க."

ஜெபக்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டில் இதுதான் வரவேண்டுமா? ஆறு வருஷம் கழித்தும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய ஒரே சோதனை. அட்டவணை போட்டான். பதினைந்தரை. பதினைந்தரை, அடித்து, பதினாறு. பதினைந்தரை, பதினைந்தரை, பதினைந்தரை. சராசரி, அந்தக் கோணத்தின் டான் மதிப்பு, விடை 0.28. நாலு நிமிஷத்தில் முடிந்தது.

கை கட்டுவதற்கு முன்னால், இந்தத் தடவை கட்டைதான் இருக்கிறதே என்று ஒரு மரியாதைக்காக அதைப் பலகைமேல் வைத்து முனையைத் தூக்கினான். கோணமானி பதினைந்தரைக்கு வந்தது. கட்டை நின்றது. பதினாறு. நின்றது. பதினெட்டு. விரலால் பலகையை ஒரு தட்டுத் தட்டினான். இருபது. கட்டைக்கு எந்த அவசரமும் இருப்பதாகத் தெரியவில்லை. இருபத்திரண்டில் சர்ரென்று கிளம்பி வந்து கீழே தடுப்பில் டக்கென்று இடித்தது.

மறுபடி செய்தான். இருபத்திரண்டு.

தண்ணீர் ஜக்கோடு போன சோணைமுத்து நின்றார். "என்ன வேடிக்கை? அதான் எழுதிட்டேல்ல, கையக் கட்டி உக்காரு."

"அண்ணாச்சி, இது இருபத்திரெண்டுல போகுது."

"எது?"

"கட்டை."

"அதெல்லாம் பதினஞ்சரையில போயிரும். எழுது."

"நான் எழுதிட்டேன். கட்டைதான் கேக்க மாட்டேங்குது."

சோணைமுத்து ஜக்கைக் கீழே வைக்காமல் பலகையைப் பார்த்தார். பார்த்த விதம் ஜெபக்குமாருக்குச் சரியாகப் படவில்லை. அவனும் குனிந்து பார்த்தான். பலகையின் விளிம்பில் நாலு மூலையிலும் சின்னத் திருகாணி ஓட்டைகள். ஓட்டையைச் சுற்றி ஏதோ கிளிப் இருந்த அச்சு. நடுவில் இருந்த மரம் விளிம்பைவிட வெளிறியிருந்தது.

"இங்கன என்ன இருந்துச்சு அண்ணாச்சி?"

"எங்கன?"

"இந்த நாலு ஓட்டையில."

சோணைமுத்து ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "கண்ணாடி. பலக மேல முழுசாக் கண்ணாடி போட்டிருக்கும். ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல வெள்ளையடிக்கையில கை தவறிருச்சு."

"பொறவு?"

"பொறவு என்ன? எவனாவது கேப்பான்னு ஒரு வாரம் காத்துக் கெடந்தேன். பரிச்ச வந்துச்சு. நாலாம் நம்பர் வந்த அம்புட்டுப் பேரும் 0.28ன்னு எழுதிட்டுப் போயிட்டாக. சரி, கண்ணாடி தேவையில்ல போலன்னு விட்டுட்டேன்." அவர் ஜக்கோடு நகர்ந்தார். நகர்ந்தவர் திரும்பி வந்தார். "0.28ன்னே இருக்கட்டும்ப்பா. சரியான விடைன்னு துறை ரிஜிஸ்டர்லயும் அதான் இருக்கு. அவிய ரிஜிஸ்டரப் பாத்துத்தான் மார்க் போடுவாக. ஒனக்குச் சொல்லுதேன்."

பதினாலு வருஷமாக மரத்தின்மேல் கட்டையை வைத்துக் கண்ணாடியின் உராய்வை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது ஒரு கல்லூரி. ஜெபக்குமார் தன் அட்டவணையைப் பார்த்தான். எக்ஸ்டர்னல் ரிஜிஸ்டரைப் பார்த்தால் 0.28 தேறும். "எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டு" என்றால் தேறாது. போன தடவை இல்லாத கட்டை நகர்ந்தது. இந்தத் தடவை இருக்கிற கட்டை நகராமல் நிற்கும். இருபத்திரண்டை எழுதினால் செய்து காட்டலாம். ஆனால் ரிஜிஸ்டருக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்ததும் பேனா சிவப்பாகிவிடும். தவிர, பரிபூரணம் மிஸ் உட்கார்ந்திருக்கும் அறையில் வெளியாள் முன்னால் பதினாலு வருஷத்தையும் அவிழ்த்துக் கொட்டியதாக ஆகும். டிகிரிக்காக இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று மேனேஜர் சொல்லவில்லை.

மில்லில் இந்தச் சிக்கல் கிடையாது. நூலை இரண்டு பிடிக்கு நடுவே மாட்டினால் மிஷின் இழுக்கும். அறுகிற நேரத்தில் முள் எங்கே நிற்கிறதோ அதை எழுத வேண்டியதுதான். கூட்டி எழுதினால் வேறு எங்கேயோ ஒரு தறியில் நூல் அறுந்து, மூன்றாம் நாள் போன் வரும். ஆறு வருஷமாக முள் சொன்னதை எழுதிப் பழகிய கை அது. பதினைந்தரை என்று இன்றைக்கு எழுதியபோது அது கொஞ்சம் தயங்கியதோ என்று இப்போது தோன்றியது.

அட்டவணையின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரே கோடாக அடித்தான். அடித்த பிறகு வருத்தமாக இருந்தது. யாரோ ஒரு நல்ல மனுஷியின் கையெழுத்தை அடித்ததுபோல.

புது அட்டவணை போட்டான். கட்டை மட்டும்: இருபத்திரண்டு. ஐம்பது கிராம் எடைக்கல்லைக் கட்டைமேல் வைத்தான்: இருபத்தொன்றரை. நூறு கிராம்: இருபத்திரண்டு. நூற்றைம்பது: இருபத்திரண்டரை. இருநூறு: இருபத்திரண்டு. எடையைக் கூட்டினாலும் கோணம் அங்கேயே நின்றது. இது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். எத்தனையோ தடவை மனப்பாடம் செய்து பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறான். கீழே இழுக்கிற விசை எவ்வளவு கூடுகிறதோ, பிடித்து நிறுத்துகிற உராய்வும் அந்த அளவுக்கே கூடும். ஆனால் இதுவரை அதைப் பார்த்ததில்லை. நம்பமுடியாமல், யாரும் கேட்காத ஆறாவது தடவையாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டைமேல் வைத்துப் பலகையைத் தூக்கினான். இருபத்திரண்டில் கடிகாரத்தையும் ஏற்றிக்கொண்டு கட்டை இறங்கி வந்தது.

மூன்று வருஷம். இதே அறை, அந்த மூலை மேஜை. மதிய வெயிலில் ஷெரின் ரெக்கார்டில் கோடு போட்டுக்கொடுக்க, அவன் அக்காவைப் பார்த்து எழுத, மழை பெய்தால் அய்யனார் கோவில் அருவிக்குக் கிளம்புவதைப் பற்றிப் பேசிப் பேசியே சாயங்காலமாகிவிடும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தப் பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். ஷெரினுக்குப் பிடித்திருக்கும். "ஏலே, இன்னொருக்கா" என்று சொல்லியிருப்பாள்.

"ஆமா, கடிகாரம் எதுக்குப்பா?"

ஹரிகிருஷ்ணன் பின்னால் நின்றிருந்தார்.

"சும்மா சார். இது என்ன செய்யும்னு பாக்க."

"என்ன செஞ்சுச்சு?"

"ஒண்ணும் செய்யல சார். அதே இருபத்திரெண்டு."

அவர் கடிகாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பலகையைத் தானே பத்துப் பாகைக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இப்ப இந்தக் கட்டை மேல என்னென்ன விசை இருக்கு?"

"எடை, நேரா கீழ. பலக தாங்குறது, பலகைக்குச் செங்குத்தா. உராய்வு, சரிவுல மேல் பக்கமா."

"பொறவு ஏன் நகரல?"

"எல்லாத்தையும் கூட்டினா சுழியம் சார்."

"சுழியம்னா ஒரு விசையும் இல்லன்னு அர்த்தமா?"

"இல்ல சார். எல்லாரும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆரும் ஜெயிக்கல."

ஹரிகிருஷ்ணன் அவனைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு அட்டவணையை. அடித்த அட்டவணையை. பிறகு துறை ரிஜிஸ்டரை எடுத்து நாலாம் நம்பருக்கு நேராக விரலை வைத்தார். "இங்க 0.28ன்னு இருக்கு. நீ மொதல்ல 0.28ன்னு எழுதி, அடிச்சுட்டு 0.40ன்னு எழுதியிருக்க. எது சரி?"

"செஞ்சு பாத்தா 0.40 சார்."

"அப்ப மொதல்ல எழுதுனது செஞ்சு பாக்காமயா?"

கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு என்றிருந்தார்கள் மிஸ். எக்ஸ்டர்னல் கேட்டது அதைத்தான். "ஆமா சார்" என்றான் ஜெபக்குமார்.

பக்கத்து மேஜையில் ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த பர்வீன் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஜக் எங்கேயோ வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"மேடம், செத்த இங்க வாங்க" என்றார் ஹரிகிருஷ்ணன்.

பரிபூரணம் மிஸ் வந்தார்கள். ஹரிகிருஷ்ணன் பலகையைத் தூக்கிக் காட்டினார். பதினைந்தரை, நின்றது. இருபத்திரண்டு, போனது. மிஸ் குனிந்து பலகையின் விளிம்பைத் தடவி, முதல் ஓட்டையில் விரலை வைத்தார்கள். இரண்டாவதில் வைத்தார்கள்.

"கண்ணாடி எங்க?"

அறையில் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர் பீரோவுக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"இதுல கண்ணாடி இருந்துச்சு சார்" என்றார்கள் மிஸ். "பித்தளைக் கிளிப் போட்டு. நான் படிக்கையில இருந்துச்சு. ரிஜிஸ்டர்ல இருக்கது நான் எடுத்த ரீடிங். மூணு நாள் எடுத்தேன். ரெண்டாவது ரீடிங்ல மட்டும் சந்தேகம் வந்துச்சு, அதயும் திரும்பிப் பாத்துத்தான் திருத்துனேன்."

ஜெபக்குமார் அவர்கள் கையைப் பார்த்தான். ரிஜிஸ்டரில் அவர்கள் போட்டிருந்த தேதிகளைப் பார்த்தான். ஐந்துக்கு வால் நீளமாக இருந்தது. மூன்று வருஷம் அவர்களிடமே படித்து, அவர்கள் ரெக்கார்டையே அவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறான்.

"அப்ப கண்ணாடி போன பொறவு?" என்று கேட்டார் ஹரிகிருஷ்ணன்.

"பிள்ளைக எல்லாம் 0.28ன்னு எழுதிட்டு வந்துச்சுக. என் நம்பராச்சே. நான் சந்தேகப்படல." மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்கள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்கள். "நீங்க ரிப்போர்ட்ல எழுதணும்னா எழுதிக்கோங்க சார். இவன் மார்க்குல கை வைக்காதீக. இத்தன வருசத்துல அந்தப் பலகையத் தொட்டவன் இவன் ஒருத்தன்தான்."

ஹரிகிருஷ்ணன் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வீட்டில் கேஸை அணைத்தோமா என்று வழியில் யோசிப்பவரின் முகமாக இருந்தது.

"எங்க காலேஜ்லயும் 0.28தான் மேடம்" என்றார்.

மிஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

"எங்க பசங்களும் ரெண்டாவது ரீடிங்க அடிச்சுத்தான் திருத்துவானுக. ஏண்டா இப்படின்னு நான் கேட்டதில்ல." அவர் ரிஜிஸ்டரை மூடினார். "எங்க பலக மேல என்ன இருக்குன்னு நாளைக்குப் போய்ப் பாக்கணும்."

ஜெபக்குமாரின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மார்க் ஷீட்டில் ஒரு கையால் மறைத்துக்கொண்டு எதையோ எழுதினார். மிஸ் ரிஜிஸ்டரைத் திறந்து, நாலாம் நம்பரில் தன் எண்ணைத் தானே அடித்து, பக்கத்தில் 'மரம்' என்று எழுதினார்கள். எண் எதுவும் போடவில்லை.

"போ. வெளிய போய்ச் சாப்பிடு" என்றார்கள் அவனிடம். "மூஞ்சியப் பாரு, ராத்திரி தூங்குனியா இல்லையா?"

அவர்களை அக்கா என்று கூப்பிட்டுவிட வேண்டும் போல ஒரு விநாடி இருந்தது. "வாரேன் மிஸ்" என்றான்.

வராந்தாவில் சோணைமுத்து பின்னாலேயே வந்தார். "நான் மார்க்கப் பாக்கல. பாத்தேன்னு ஆராவது சொன்னா என் வேலை போயிரும்." இரண்டு பக்கமும் பார்த்தார். "அறுபதுக்கு நாப்பத்திரெண்டு. தேறிட்ட."

ஜெபக்குமாரின் கண்முன் மேனேஜர் முகம், ஜூன் முப்பது, இன்சார்ஜ் நாற்காலி எல்லாம் வந்து போயின. சந்தோஷம் வந்தது. அது வரும் என்று நினைத்த அளவுக்கு வராமல், கூடவே வேறு ஏதோ வந்தது. இனி இந்தக் கட்டடத்துக்குள் வருவதற்கு அவனிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. ஒரு அரியர் இருந்தவரை அவன் இந்தக் கல்லூரி மாணவன். இப்போது படித்து முடித்தவன்.

"கண்ணாடி வெசயம்..." என்றார் சோணைமுத்து.

"நான் சொல்லல அண்ணாச்சி. ஓட்டைதான் சொல்லிருச்சு."

"அதுஞ்சரி" என்றார் அவர். "பால்கோவா வாங்கிட்டு வாரேன்னு கெளம்பிறாத. எனக்குச் சுகர். சேவு வாங்கு, காரமா."

பர்வீனும் தேர்வை முடித்து வெளியே வந்தாள். வந்த வேகத்தில் வராந்தாவில் காத்திருந்த மதிய பேட்ச்சிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் ஜெபக்குமாரைச் சூழ்ந்துகொண்டார்கள். காலை பேட்ச் மதிய பேட்ச்சுக்கு ரீடிங் சொல்வது அங்கே தண்ணீர் கொடுப்பதுபோல, கேட்டால் மறுக்கக்கூடாது.

"அண்ணே, நாலாம் நம்பருக்கு எம்புட்டு?"

"எனக்கு வந்தது இருபத்திரெண்டு, இருபத்தொண்ணரை..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். பேனாக்கள் உள்ளங்கைகளில் ஓடிக்கொண்டிருந்தன. ஒருத்தன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக் காலில் எழுதினான். சாயங்காலத்துக்குள் இது ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடும். நாளைக்கு இதே எண்களுக்கு ஒரு மெட்டு உண்டாகும்.

"மிச்சத்தச் சொல்லுங்கண்ணே."

"கட்டை பீரோவுல இருக்கு. அண்ணாச்சிட்டக் கேட்டா தருவாரு" என்றான் ஜெபக்குமார்.

"அது தெரியும். ரீடிங்கச் சொல்லுங்க."

"அவரு சொல்ல மாட்டாரு. விடுங்கப்பா" என்றாள் பர்வீன். "எனக்கே ரெண்டுதான் காதுல விழுந்துச்சு." அவன் பக்கம் திரும்பி, "ஹால் டிக்கெட்ட எடுத்து வச்சுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மணி அடித்தது. மதிய பேட்ச் உள்ளே போனது. ஜெபக்குமாருக்கு இரண்டாவது ஷிப்ட் இருந்தது. மில் பத்து நிமிஷ நடைதான். இருந்தும் லேப்புக்குப் பின்பக்கம் போய், வேப்பமரத்தடியில், அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றான். உள்ளே டம்ளரில் சீட்டுகள் குலுங்கின. யாருக்கு எது வந்தது என்று தெரியவில்லை. பீரோ திறந்தது. கொஞ்ச நேரம் நாற்காலிகள் இழுபட்டன. பிறகு அமைதி.

கால் மணி நேரம் கழித்து, சர்ரென்று ஒரு சத்தம். டக்.

அவன் தலையை நிமிர்த்தினான். ஒரு தடவை. அடுத்ததற்காகக் காத்தான். நேரம் போனது. இரண்டாவது சத்தம் வரவில்லை. யாரோ மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மீதி நாலையும் எழுதிக்கொண்டிருக்கலாம். அல்லது முதலாவதைப் பார்த்துவிட்டு நம்பமுடியாமல் உட்கார்ந்திருக்கலாம். ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்போம் என்று ஜெபக்குமார் ஜன்னலடியிலேயே நின்றான்.